உறைந்ததும் உருகியதும்: சமையலறைக் கேள்வி-பதில்

கேள்வி: விரைவில் குளிரட்டும் என்று ஃப்ரீசரில் வைத்து மறந்துவிட்ட கண்ணாடித் தண்ணீர்ப் பாட்டில் வெடித்துச் சிதறிவிட்டது. காரணம் என்ன? அருகிலிருந்த உணவை உண்ணலாமா?

பதில்: பெரும்பாலான திரவங்கள் உறையும்போது சுருங்க, நீரோ 4 டிகிரி செல்சியஸ் வரை சுருங்கி, அதற்குக் கீழே விரியத் தொடங்கி, பனிக்கட்டியாக மாறும்போது ஏறத்தாழ 9 சதவீதம் கூடுதல் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், கழுத்து வரை நிரப்பி மூடிய பாட்டிலில் அந்த விரிவுக்கு இடமின்றிக் கண்ணாடி பிளந்துவிடுகிறது. சோடா வகைக் குளிர்பானங்களில், நீர் உறைய உறைய அதில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வாயு வெளியேறி அழுத்தத்தைக் கூட்டுவதால் ஆபத்து இன்னும் அதிகம். மூடாத பாத்திரங்களில் இருந்த உணவையும் ஐஸ் தட்டில் இருந்த கட்டிகளையும், கண்ணுக்குப் புலப்படாத சில்லுகள் அவற்றில் விழுந்திருக்கக்கூடும் என்பதால், தயங்காமல் எறிந்துவிட வேண்டும். இறுக மூடிய டப்பாக்களை வெளிப்புறம் நன்கு கழுவிப் பயன்படுத்தலாம்.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தை ஐஸ்கிரீமுக்காகத் திறந்த ஃப்ரீசர் கதவு இரவு முழுவதும் மூடப்படாமலே இருந்துவிட்டது. மீன், கோழி, பச்சைப் பட்டாணி எல்லாம் இளகிவிட்டன. மீண்டும் உறைய வைக்கலாமா?

பதில்: உறைநிலை கிருமிகளைக் கொன்றுவிடும் என்ற நம்பிக்கை பல வீடுகளில் உண்டு, அது தவறு. ஃப்ரீசருக்குப் பரிந்துரைக்கப்படும் மைனஸ் 18 டிகிரியில் பாக்டீரியாக்களின் பெருக்கம் நின்றுபோகிறதே ஒழிய அவற்றில் பெரும்பாலானவை அழிவதில்லை என்பதால், உணவு இளகி 5 டிகிரிக்கு மேல் சென்றதும் அவை விட்ட இடத்திலிருந்து பெருகத் தொடங்குகின்றன. எனவே தீர்ப்பு உணவின் நிலையைப் பொறுத்தது: உள்ளே பனித்துகள்கள் இன்னும் எஞ்சியிருந்தாலோ, ஃபிரிட்ஜில் இருக்கும் பொருளைப் போல 4 டிகிரிக்கு மேற்படாத குளிர்ச்சியுடன் இருந்தாலோ மீண்டும் உறைய வைக்கலாம், அறை வெப்பநிலையை எட்டி இரண்டு மணி நேரத்துக்கு மேலாகிவிட்ட இறைச்சியையும் மீனையும் எறிந்துவிட வேண்டும். எப்போது இளகியது என்று தெரியாத நிலையில் எறிவதே பொருத்தம்.

நன்றாகக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்ற சமாதானம் மீனுக்குச் சற்றும் பொருந்தாது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் வெப்பத்தில் கிடக்கும்போது பாக்டீரியாக்கள் அவற்றின் தசையில் உள்ள ஓர் அமினோ அமிலத்தை ஹிஸ்டமின் என்னும் பொருளாக மாற்றுகின்றன. முகச்சிவப்பு, தடிப்பு, தலைவலி, வாந்தி ஆகியவற்றை உண்டாக்கும் அந்தப் பொருள் சமைத்தாலும் உறைய வைத்தாலும் சிதைவதில்லை. முகர்ந்து பார்த்து முடிவு செய்வதும் உறுதியான வழியன்று; ஏனெனில் கெட்ட வாடையை எழுப்பும் நுண்ணுயிர்களும் நோயை உண்டாக்கும் நுண்ணுயிர்களும் பெரும்பாலும் வெவ்வேறானவை. பட்டாணியின் நிலை அவ்வளவு கடுமையானதன்று. குளிர்ச்சி குறையாமல் இருந்தால் மறுபடி உறைய வைக்கலாம். ஆனால் வீட்டு ஃப்ரீசரில் மெதுவாக உறையும்போது உருவாகும் பெரிய பனிப்படிகங்கள் திசுக்களைக் கிழித்துவிடுவதால் அது குழைந்துபோகும் என்பதால், அன்றைக்கே குருமாவில் சேர்த்துவிடுவது நல்லது.

மின்தடைக்கும் இதே அளவுகோல்தான். கதவைத் திறக்காமல் இருந்தால் நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரமும் பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிர்ச்சியைக் காக்கும் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் கணக்கு. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் சிறிய ஃப்ரீசர் அறையில், அதுவும் சித்திரை வெயிலில், அவ்வளவு நேரத்தை எதிர்பார்க்க இயலாது. வெளியூர் செல்வோர், ஒரு கிண்ணம் நீரை உறைய வைத்து அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்துச் செல்லலாம். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், இடையில் அனைத்தும் உருகி மீண்டும் உறைந்திருக்கிறது என்று பொருள்.

கேள்வி: வேலைக்குத் திரும்பிய தாய் எடுத்து வைத்த தாய்ப்பாலில் சோப்பு வாடை வீசுகிறது. கெட்டுவிட்டதா?

பதில்: தாய்ப்பாலில் லிப்பேஸ் என்னும் நொதி, அதாவது கொழுப்பைச் சிறு கூறுகளாகப் பிரிக்கும் புரதம், இயல்பாகவே இருப்பதும், சிலரது பாலில் அதன் செயல் உறைநிலையிலும் மெல்லத் தொடர்வதுமே இந்த வாடைக்குப் பெரும்பாலும் காரணம், பால் பாதுகாப்பானதே, குழந்தை மறுக்காவிடில் கொடுக்கலாம். புளித்த வாடையாக இருந்தால் கொட்டிவிட வேண்டும். புதிதாக எடுத்த பால் 25 டிகிரி வரையிலான அறையில் 4 மணி நேரமும், ஃபிரிட்ஜில் 4 நாளும், ஃப்ரீசரில் ஏறத்தாழ 6 மாதமும் நல்ல நிலையில் இருக்கும். தமிழகத்துக் கோடையில் அறைகள் 25 டிகிரியில் இருப்பதில்லையாதலால், எடுத்தவுடன் குளிரூட்டுவதே சரி. கதவுத் தட்டில் குளிர்ச்சி நிலையாக இராது என்பதால் பாலை உட்புறத்தில் வைக்க வேண்டும். முழுதும் உருகிய பாலை ஃபிரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மீண்டும் உறைய வைக்கலாகாது. மைக்ரோவேவ் அடுப்பு பாலைச் சீராகச் சூடாக்காமல் ஆங்காங்கே கொதிநிலைக்குக் கொண்டுசென்று குழந்தையின் வாயைச் சுட்டுவிடும் என்பதால், வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை நிறுத்தி இளக்குவதே முறை.

கேள்வி: ஃப்ரீசரில் படிந்த பனியைக் கத்தியால் பெயர்க்கலாமா?

பதில்: கூடாது. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ்களில் ஃப்ரீசரின் சுவரிலேயே குளிர்வாயு ஓடும் மெல்லிய குழாய்கள் அமைந்திருப்பதால், கத்தி முனை பட்ட இடத்தில் துளை விழுந்து வாயு முழுதும் வெளியேறிவிடும். இன்றைய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் பயன்படும் ஐசோபியூட்டேன் என்னும் குளிர்வாயு எளிதில் தீப்பற்றக்கூடியது. சீறும் ஒலி கேட்டால் அடுப்பை அணைத்து, மின்விசைகளைத் தொடாமல், சன்னல்களைத் திறந்துவிட்டு, பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டும்.