எம்.டி. மாறினால் பஸ் மாறுமா?

நம்பிக்கை: கண்டிப்பான எம்.டி. ஒருவர் வந்து உட்கார்ந்தால் மதுரை போக்குவரத்துக் கழகம் லாபத்துக்குத் திரும்பிவிடும்.

இதைச் சொல்பவர்கள் கூடவே டி.வி.எஸ். நிறுவனம் பஸ் ஓட்டிய காலத்தையும் இழுப்பார்கள். அந்த பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட கதை இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. 1972-இல் அரசு அந்தப் பேருந்துகளை எடுத்துக்கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தைத் தொடங்கியது. (1997-இல் கழகங்களின் பெயர்களையெல்லாம் எடுத்தபோது பாண்டியனும் போனார். அதனால் நிர்வாகம் தேறவும் இல்லை, கெடவும் இல்லை.)

உண்மை: டிக்கெட் விலை எம்.டி. கையில் இல்லை. 2011 நவம்பரில் கூட்டிய கட்டணத்தை அரசு மறுபடி கூட்டியது 2018 ஜனவரியில்தான். போராட்டம் கிளம்பியதும் அந்த மாதமே கொஞ்சம் குறைத்தது. இடைப்பட்ட ஆறு ஆண்டும் டீசல் விலை சும்மா இருக்கவில்லை. சம்பளமோ மாநிலம் முழுவதற்கும் சேர்த்துத் தொழிற்சங்கங்களோடு பேசி முடிவாகிறது.

தனியார் பஸ்ஸுக்கும் அதே கட்டணம்தானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஆரப்பாளையத்தில் நிற்கும் தனியார் பஸ், பள்ளிப் பிள்ளைகளின் இலவச பாஸை ஏற்க வேண்டியதில்லை. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பட்டிக்கு விடிகாலையில் பத்துப் பேருக்காக ஓட வேண்டியதும் இல்லை. 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கான ஈட்டை அரசு தருகிறது. மாட்டுத்தாவணிக்குப் பூக்கூடையோடு வரும் அக்கா, கண்டக்டர் பையில் கலெக்‌ஷனாகத் தெரியமாட்டார். அந்தப் பையை எண்ணி எம்.டி.க்கு மார்க் போடுவது என்ன கணக்கு?

நம்பிக்கை: அப்படியானால் எம்.டி. யாராக இருந்தாலும் ஒன்றுதான்.

உண்மை: அதுவும் இல்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், வழியில் நின்ற வண்டி எத்தனை, ரத்தான டிரிப் எத்தனை என்பதெல்லாம் டெப்போவில் முடிவாகிற விஷயம். ராத்திரி வண்டியை விடும் டிரைவர், 'பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது' என்று எழுதி வைக்கிறார். கேட்ட உதிரிபாகம் வருமென்றால் மெக்கானிக் பார்த்துவிடுவார். எழுதியதற்கு மெமோ வருமென்றால் டிரைவர் அடுத்த முறை எழுதமாட்டார். வண்டி திருமங்கலம் தாண்டி ஒருநாள் நிற்கும். மேலே இருப்பவரின் தோரணை கணக்கில் ஏறுவது இப்படித்தான். மிரட்டுகிற அதிகாரியைத் திறமைசாலி என்று கொண்டாடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

நம்பிக்கை: வி. கிருஷ்ணமூர்த்தி மாதிரி ஒருவர் போதும்.

உண்மை: தஞ்சைச் சீமையின் கருவேலியில் பிறந்த அவர், பெல், மாருதி, செயில் என மூன்று அரசு நிறுவனங்களை நிமிர்த்தியவர்தான். மாருதியில் அதிகாரிக்கும் தொழிலாளிக்கும் ஒரே சீருடை, ஒரே கேன்டீன். ஆனால் 1983 டிசம்பரில் முதல் மாருதி காரின் சாவியை எடுத்துக் கொடுத்தவர் இந்திரா காந்தி. பிரதமர் வரை கிருஷ்ணமூர்த்திக்குக் கதவு திறந்திருந்தது. மதுரை பைபாஸ் ரோடு அலுவலகத்து எம்.டி., புது பஸ் வாங்கவே கோட்டையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.