காரட் மிஷின் எதைப் பார்க்கிறது?

போன கூட்டத்துல ஒரு அக்கா கேட்டாங்க: "என் பழைய வளையலை மிஷின்ல வச்சப்ப 916 காட்டுச்சு. உருக்கினா குறையுதுங்கறாங்க. ஏமாத்துறாங்களா?"

22 காரட் என்பது கலப்பு உலோகம். 1000 பங்கில் 916 பங்கு தங்கம். மீதி செம்பு, வெள்ளி போன்றவை. மிஷின் நகை மேல் எக்ஸ்ரே கதிரை அடிக்கும். ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி அனுப்பும். அதை வைத்துத்தான் கணக்கு. நகையில் கீறல்கூட விழாது.

ஆனா அது பார்ப்பது மேல்தோலை மட்டும்தான். தலைமுடி தடிமன் ஆழம்கூடப் போகாது. கனமான முலாம் இருந்தா மிஷினே ஏமாந்துடும். பத்தவைத்த இடத்தில் தரம் குறைவா இருந்தாலும், உருக்கும்போது அதெல்லாம் சேர்ந்து காரட் இறங்கும். அதனால குறைஞ்சாலே மோசடின்னு சொல்ல முடியாது.

உருக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்க. முன்னும் பின்னும் எடையை எழுதி வாங்குங்க. உருக்கின கட்டியை மறுபடி மிஷினில், உங்க கண் முன்னாடியே வைக்கச் சொல்லுங்க.