மரமும் துணியும் சுமந்த விமானம்

லேக் மார்க்கெட்டிலிருந்து நகரின் வடகோடிக்குச் சென்றால் டம்டம் விமான நிலையத்தை அடையலாம். 1933ஆம் ஆண்டு இந்தியன் நேஷனல் ஏர்வேஸ் நிறுவனம் கல்கத்தாவிலிருந்து டாக்காவுக்கும் ரங்கூனுக்கும் விமானப் போக்குவரத்தைத் தொடங்கியது. தமிழர் பலர் குடியேறியிருந்த ரங்கூனுக்குக் கப்பலில் செல்லச் சில நாள்கள் ஆன காலம் அது. அந்நிறுவனம் இயக்கிய விமானங்களுள் ஒருவகை, இங்கிலாந்தின் டி ஹாவிலாண்ட் நிறுவனம் உருவாக்கிய 'டிராகன்' ஆகும்.

டிராகன் 1932 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தது. 130 குதிரைத்திறன் கொண்ட இரண்டு இயந்திரங்கள் அதனை இயக்கின. ஆறு பயணிகள் அதில் அமரலாம். மேலும் கீழுமாக அமைந்த அதன் இறக்கைகளைத் தாங்குகட்டைகளும் கம்பிகளும் பிணைத்தன. ஹௌரா பாலத்தின் சட்டங்கள் ஒன்றையொன்று தாங்குவதுபோல் அவையும் தாங்கின. ஆகவே, எடை குறைந்த மரமே போதிய வலிமை தந்தது. மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்தப்பட்டது.

மரமும் துணியும் காலத்தால் நலிவன. பழைய விமானத்தை மீட்டமைப்போர் முதலில் துணியை அகற்றுவர். மரம் உளுத்துள்ளதா, பசை விட்டுள்ளதா என ஆராய்வர். கெட்ட பகுதிக்கு ஈடாகப் புதிய மரத்தைப் பொருத்துவர். உலோக உறுப்புகளில் வெடிப்பு உண்டா எனப் பார்ப்பர். பின்னர்ப் புதிய துணியைப் போர்த்திச் சட்டத்தோடு தைப்பர். அதன்மேல் 'டோப்' என்னும் பூச்சைப் பூசுவர். அது உலரும்போது துணி சுருங்கி, மேளத்தோல்போல் இறுகும்.

இவ்வாறு பல உறுப்புகள் மாறியபின் அது பழைய விமானம்தானா? விடை, எழுதிவைக்கும் குறிப்பில் உள்ளது. எது பழையது, எது புதியது என்பதை மீட்டமைப்போர் மறைக்காமல் பதிவு செய்தல் வேண்டும்.

அயர்லாந்தின் ஏர் லிங்கஸ் நிறுவனம் 1936 மே 27 அன்று 'அயோலார்' என்னும் டிராகனைக் கொண்டு தன் முதற்பயணத்தை நடத்தியது. ஐந்து பயணிகள் அதில் சென்றனர். அயோலார் என்பதற்கு அந்நாட்டு மொழியில் கழுகு என்று பொருள். அவ்விமானம் 1941இல் அழிந்தது. நிறுவனத்தின் பொன்விழாவுக்காக 1986இல் வேறொரு டிராகன் மீட்டமைக்கப்பட்டு அதே பெயரைப் பெற்றது. பெயர் ஒன்று, விமானம் வேறு. இவ்வுண்மையைப் பதிவுகளே காக்கின்றன.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி உண்டு. மீட்டமைக்கப்பட்ட 'டைகர் மாத்' என்னும் ஈரடுக்கு இறக்கைப் பயிற்சி விமானம், 2012 அக்டோபரில் விமானப்படை நாளன்று ஹிண்டனில் பறந்தது. அதுவும் டி ஹாவிலாண்ட் படைப்பே.

பழம்பொருளைக் காப்பதற்குக் கைத்திறன் வேண்டும். அதன் வரலாற்றைக் காப்பதற்கு வாய்மை வேண்டும்.

சொற்பொருள்
நலிதல் – வலிமை குன்றுதல்
உளுத்தல் – மரம் உள்ளே அரிபட்டுக் கெடுதல்
மீட்டமைத்தல் – பழைய நிலைக்குக் கொண்டுவருதல்
வாய்மை – உண்மை

வினாக்கள்
1. டிராகனின் இறக்கைகள் எடை குறைந்தும் வலிமையாக இருந்தது எவ்வாறு?
2. 'டோப்' பூச்சின் பயன் யாது?
3. இரண்டு அயோலார்களுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.

செயல்பாடு
ஊரிலிருந்து உங்கள் குடும்பத்தார் கொண்டுவந்த பழம்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் எப்பகுதி பழையது, எப்பகுதி மாற்றப்பட்டது என்பதைப் பெரியோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.