கடல் வழிவிடும் நேரம்

ஸ்பெயினின் வடமேற்கில், கலீசியாவின் ரிபதேயோ ஊருக்கு அருகே இருக்கிறது அஸ் கத்தெத்ரைஸ் கடற்கரை. பெயருக்குப் பொருள் பேராலயங்கள். அலை அரித்த சிலேட்டுப் பாறைகள் சில இடங்களில் 30 மீட்டர் உயரத்துக்குத் தோரணவாயில்களாக நிற்கின்றன. கடல் உள்வாங்கியிருக்கும்போதுதான் அவற்றுக்குள் நடக்கலாம். ஏறிவிட்டால் நடக்க மணலே இருக்காது.

செய்ய வேண்டியவை

• எந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் கடல் வற்றுகிறது என்று பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யுங்கள். அந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்றுப் போனவர் சொன்ன நேரம் இன்று உதவாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் வெகுதூரம் உள்வாங்கும், குகைகள் நன்றாகத் திறந்து கிடக்கும். அதே நாட்களில் ஏற்றமும் கடுமை. நீர்மட்டம் நான்கு மீட்டருக்கு மேல்கூட உயரும். வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இறங்கிவிடுங்கள். வற்றம் கழிந்து ஒரு மணி நேரத்துக்குள் படியேறுங்கள்.

• கடல் வற்றும் நேரத்தைக் காட்டும் சில அட்டவணைகள் உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஸ்பெயினில் கோடைக்கு அதோடு இரண்டு மணி கூட்ட வேண்டும். இந்தக் கணக்குத் தவறினால் பயணமே வீண்.

• ஈஸ்டர் விடுமுறையிலும் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலும் முன்பதிவு கட்டாயம். கட்டணம் இல்லை, ஆனால் நாளொன்றுக்கு 4,812 பேருக்குத்தான் அனுமதி.

• வழுக்காத செருப்பு. பாசி படிந்த சிலேட்டில் ரப்பர் செருப்பு நிற்காது.

செய்யக்கூடாதவை

• தொங்கும் பாறைக்குக் கீழே உட்காராதீர்கள். நிழலாக இருக்கும், படத்துக்கும் அழகாக இருக்கும், இருந்தாலும் வேண்டாம். 2018-ல் இங்கே பாறை விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்தார்.

• எதிரே தெரியும் அலையை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். மணலில் பள்ளங்கள் உண்டு. பாறை இடுக்கு வழியாகத் தண்ணீர் முதலில் நம் முதுகுக்குப் பின்னால் வாய்க்காலாக ஓடிவரும். கணுக்கால் அளவுதானே என்று நிற்காமல் உடனே திரும்புங்கள்.

• மேலே நடைபாதையை விட்டு விளிம்புக்குப் போகாதீர்கள். அடியில் கடல் குடைந்திருக்கும்.

• கல்லும் மணலும் எடுக்காதீர்கள். 2005 முதல் இது பாதுகாக்கப்பட்ட இயற்கைச் சின்னம். பாறையில் அப்பியிருக்கும் கருஞ்சிப்பிகளையும் பெயர்க்காதீர்கள், அண்ணாந்து பார்த்தால் போதும். அவை எவ்வளவு உயரம் ஒட்டியிருக்கின்றனவோ, அவ்வளவு உயரத்துக்காவது தண்ணீர் வரும். பல இடங்களில் அது நம் தலைக்கு மேல்.