கட்டெறும்பின் குடித்தனம்

மதுரைக்கு மேற்கே, காளவாசலைக் கடந்துள்ள சமவெளியில் மரத்தடி மண்ணில் வளை தோண்டி வாழும் பெரிய கரிய எறும்பு கட்டெறும்பாகும். 1787-ஆம் ஆண்டில் பாப்ரீசியஸ் என்னும் பூச்சிநூல் வல்லார் இதற்குச் சாஸ்திரப் பெயரிட்டார். இது மரத்தைத் தின்பதில்லை. உத்திரத்தை அரிக்கும் குற்றம் கறையானுடையது.

முட்டையிடுதல் ராணியின் தொழில். ஏனைய வேலைகள் யாவும் பெண் வேலைக்காரிகளுடையன. இரைதேடி மீளும் எறும்பு, வயிற்றிலுள்ள தனிப்பையில் தேக்கிய இனிப்புநீரை வாயோடு வாய் வைத்து மற்றவற்றுக்கு ஊட்டும். ஐக்கிய சங்கத்தார் நகைக்கலாம், அப்பை பொதுநிதியே!

அந்நீரில் பெரும்பகுதி அசுவிணிப் பூச்சி கழிப்பது. அதனைத் தின்னவரும் பொறிவண்டை எறும்பு கடித்து விரட்டும். ஆதலின் தட்டைப்பயற்றில் கட்டெறும்பு சாரையாய் ஏறக் கண்டவுடன் இளங்கொழுந்தையும் இலையின் அடிப்புறத்தையும் சோதித்தல் வேண்டும். அசுவிணி மொய்த்த நுனிகளைக் கிள்ளி அப்புறப்படுத்தினால் எறும்பின் வரவும் குறையும். வளையில் மருந்து கொட்டுவதால் மட்டும், சாறு உறிஞ்சும் அசுவிணி செடியை விட்டு அகலாது.