கட்டுமரமும் பாலினீசியக் கடலோடிகளும்

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

சென்ற கோடை விடுமுறையில் என் வகுப்புத் தோழர்கள் சிலர் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் சென்று வந்தனர். நான் பசிபிக் மாகடலின் தீவுகளைச் சுற்றி வந்தேன். செலவு ஏதுமில்லை. கல்லூரி நூலகத்து உலகப் படம், நாலைந்து நூல்கள், காசிமேட்டில் எங்கள் வீட்டுத் திண்ணை ஆகியவையே நான் ஏறிய கலங்கள்.

படத்தில் வடக்கே ஹவாய், தென்கிழக்கே ஈஸ்டர் தீவு, தென்மேற்கே நியூசிலாந்து ஆகிய மூன்றையும் கோட்டால் இணைத்தால் ஒரு பெரும் முக்கோணம் கிடைக்கும். அதனுள் சிதறிக் கிடக்கும் சமோவா, தொங்கா, தாகித்தி முதலிய தீவுகளே பாலினீசியா. இம்மக்களின் முன்னோர் தைவான் பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தீவு விட்டுத் தீவு தாவி, ஏறத்தாழ 2,800 ஆண்டுகளுக்கு முன் தொங்காவையும் சமோவாவையும் அடைந்தனர். நியூசிலாந்தில் குடியேறியது 13-ஆம் நூற்றாண்டில். அவர்களிடம் திசைகாட்டி இல்லை, இரும்பும் இல்லை.

இருந்தது படகு. இரண்டு நீண்ட ஓடங்களைக் குறுக்குக் கட்டைகளால் இணைத்து, தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டிய இரட்டைப் படகு. இன்று இவ்வகைப் படகை உலகமே 'கேட்டமரன்' என்கிறது. அது நம் 'கட்டுமரம்' என்ற சொல்லே. ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியான தம் பயண நூலில் இச்சொல்லை எழுதினார். பிற்காலத்தில் அது இரட்டைப் படகுக்குப் பெயராயிற்று. உண்மையில் இரண்டும் வேறு வேறு. கட்டுமரத்தின் ஒவ்வொரு மரமும் நீரைவிட இலேசானது. அலை இடுக்கு வழியே வழிந்தோடிவிடும். இறைக்க வேண்டிய தண்ணீரே இல்லை. இரட்டைப் படகோ உள்ளே குடைந்தது. அது கவிழாமல் நிற்பது இரு ஓடங்களும் விலகி நிற்பதால். ஒரு பக்கம் சாய்ந்தால், அப்பக்கத்து ஓடத்தின் மிதப்பு விசை தொலைவிலிருந்து நெம்பி நிமிர்த்துகிறது. நெம்புகோல் தத்துவத்தைப் பள்ளியில் படித்த யாரும் இதைப் புரிந்துகொள்ளலாம். ஆணியின்றிக் கயிற்றால் கட்டுவது ஒன்றே இரண்டுக்கும் பொது.

சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளைப் பற்றி 1920-இல் வெளியிட்ட ஆய்வில், தென்னிந்தியப் படகுகளில் பாலினீசியச் சாயல் உண்டு என்று கருதினார். அது அவர் கருத்து, நிறுவப்பட்ட உண்மையன்று. நம்மவர் சிலர் இதற்கு நேர்மாறாக, தமிழரே நியூசிலாந்துவரை சென்றனர் என்பர். அதற்கு அவர்கள் காட்டும் சான்று ஒரு வெண்கல மணி. வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் 1836-ஐ ஒட்டி நியூசிலாந்தின் வடபகுதியில் அதைக் கண்டார். முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்ற பொருளில் அதில் தமிழ் எழுத்துகள் உள்ளன. இன்று வெலிங்டன் நகரின் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு மணி கரையேறியதால் மணிக்குரியவரும் கரையேறினார் என்று ஆகிவிடாது. ஆளில்லாத கப்பல் அலையில் மிதந்தும் போயிருக்கலாம். எனக்குப் பிடித்த செய்தி வேறு. கொலென்சோ கண்டபோது மாவோரிப் பெண்கள் அந்த மணியைக் கவிழ்த்து வைத்து உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள்!

சமையல் என்றதும் என் தாயாரின் நினைவு வருகிறது. தீவு மக்கள் குழி தோண்டி, நெருப்பில் காய்ச்சிய கற்களைப் பரப்பி, இலையில் பொதிந்த கிழங்கையும் மீனையும் வைத்து, மண்ணால் மூடிவிடுவர். கல்லில் தேங்கிய வெப்பமும் உள்ளே அடைபட்ட ஆவியும் சில மணி நேரத்தில் வேகவைத்துவிடும். அவர்களின் முதன்மைக் கிழங்கு நம் சேம்பு வகையே. பச்சையாய்த் தின்றால் தொண்டை நமைக்கும். அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகளே காரணம். அம்மா இதுவரை தலையாட்டிக் கேட்டார். தொங்காவில் பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றி உண்பர் என்றதும், "இன்னாடா இது, அடுப்பே இல்லியா அவுங்களுக்கு?" என்றார். எலுமிச்சையின் அமிலம் மீனின் புரதத்தைத் திரித்து, வெந்தாற்போல் வெண்மையாக்கும் என்று விளக்கினேன். முப்பது ஆண்டுகளாக மீன் விற்பவர், அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

இனி, நான் இக்கட்டுரை எழுதக் காரணமான செய்திக்கு வருகிறேன். ஹவாய் மக்கள் 'ஹோக்குலேயா' என்ற இரட்டைப் படகைக் கட்டி, 1976-இல் கருவி ஏதுமின்றித் தாகித்திக்குச் சென்றனர். தொலைவு ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். ஹவாயில் அதற்குள் வழிகாட்டும் கலை அழிந்துபோயிருந்தது. ஆகவே மைக்ரோனீசியாவின் சத்தவல் என்ற சிறு தீவிலிருந்து மாவ் பியாலுக் என்பவரை அழைத்து வந்தனர். விண்மீன் எழும் இடம், அலையின் போக்கு, பறவை ஆகியவற்றைக் கொண்டே அவர் வழி சொன்னார். சொந்தத் தீவின் இளைஞர் அதைக் கற்க முன்வராத நிலையில், அவர் அயலாருக்குக் கற்பித்தார். அதனால் கலை பிழைத்தது.

இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் மீன்பிடித்தல் என்று எழுதக் கூசி, 'கூலி' என்று எழுதியவன் நான். என் தாத்தா கட்டுமரத்தில் போனவர். தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைத் தெண்டி என்பார். வடக்கிலிருந்து வருவதை வன்னி என்பார். அவர் சொன்ன எதையும் நான் அதுவரை எழுதி வைத்ததில்லை. மறுநாளே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன்.

நாம் கார்த்திகை என்று சொல்லும் விண்மீன் கூட்டத்தைத் தாத்தா ஆறாமீன் என்பார். மாவோரிகளுக்கு அது மாத்தாரிக்கி. ஆண்டுப் பிறப்பின் அடையாளம். 2022 முதல் நியூசிலாந்தில் அதற்கு அரசு விடுமுறையும் உண்டு. ஹவாயில் கார்த்திகை மாதத்தை ஒட்டி அது அந்தியில் எழும்போது அறுவடைத் திருநாட்கள் தொடங்கும். நாம் அகல் ஏற்றும் அதே பருவம்! "அங்கியும் ஆறாமீன் தான் கணக்கா?" என்று தாத்தா இரண்டு முறை கேட்டார்.

ஆனி பிறந்தால் விடியுமுன் கிழக்கே தெரியும் என்றார். ஒரு நாள் நான்கரை மணிக்கு அவரைக் கைப்பிடித்துக் கடற்கரைக் கற்களின் மேல் உட்கார வைத்தேன். துறைமுக விளக்குகளால் வானமே மஞ்சளாயிருந்தது. காற்று வரும் பக்கத்தைக் கொண்டு திசை பார்த்து, கையை நீட்டி, "அங்க பாரு" என்றார். வெகுநேரம் உற்றுப் பார்த்த பின் மங்கலாகத் தெரிந்தன. ஐந்து எண்ணினேன்.

"ஆறுடா" என்றார் தாத்தா. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை.