வாசலில் நின்ற மூளை

கொரியன் சீரியல் பார்க்கிறவர்களா நீங்கள்? அப்போ இந்த ஆளைத் தெரிஞ்சிருக்கும். அரசன் காதில் ஏதோ சொல்வார். அடுத்த காட்சியில் யாருக்காவது தலை போகும். பெயர் ஹான் மியோங்-ஹ்வே. ஜோசன் அரசவையின் மூளை.

1415-ல் பிறந்தவர். அரசுத் தேர்வைத் திரும்பத் திரும்ப எழுதியும் பாஸ் ஆகல. (நம்ம அரியர் எல்லாம் ஜுஜுபி!) 1452-ல், நாற்பதை நெருங்கும் வயதில், தாத்தா செல்வாக்கில் கேசோங் ஊரில் ஒரு பழைய அரண்மனையைக் காக்கும் வேலை கிடைத்தது.

அதே வருடம் மன்னர் முன்ஜோங் இறந்தார். மகன் டான்ஜோங் சின்னப் பையன். அதிகாரம் கிம் ஜோங்-சோ போன்ற மூத்த அமைச்சர்களிடம் போனது. பையனின் சித்தப்பா சுயாங்குக்கு அது பொறுக்கல. குவோன் ராம் என்ற நண்பர் மூலம் ஹான் அவரிடம் போய்ச் சேர்ந்தார்.

1453-ல் ஒரு ராத்திரி. சுயாங் நேராக கிம் வீட்டுக்கே போய் அவரை வீழ்த்தினார். பிறகு "அரசர் கூப்பிடுகிறார்" என்று மற்ற அமைச்சர்களுக்கு ஆள் போனது. வந்தவர்களில் யார் உள்ளே போகலாம், யார் வாசலிலேயே சாக வேண்டும் என்ற பட்டியல் ஹான் கையில் இருந்ததாகச் சொல்வார்கள். போர் இல்லை, முற்றுகை இல்லை. ஒரு வாசல் போதுமாக இருந்தது.

1455-ல் சுயாங், செஜோ என்ற பெயரில் மன்னரானார். ஆனால் ஹானின் உண்மையான சாமர்த்தியம் 1456-ல்தான் தெரியும் என்பேன். சீனத் தூதர்களுக்கு விருந்து. மன்னர் பக்கத்தில் வாளோடு நிற்க வேண்டிய காவலர்களே அவரைக் கொன்று டான்ஜோங்கை மீட்கத் திட்டமிட்டிருந்தார்கள். ஹான் யார் மேலும் பழி போடல. "மண்டபம் குறுகல், வெக்கை வேற, வாள்காரர்கள் வேண்டாம்" என்றார். அவ்வளவுதான்! சதி தள்ளிப்போனது, அதற்குள் கூட்டாளி ஒருவரே காட்டிக்கொடுத்தார். அப்போது மாண்டவர்களில் ஆறு பேரைத் தியாகிகளாகக் கொரியா இன்றும் போற்றுகிறது. மறு வருடமே டான்ஜோங்கின் உயிரும் போனது.

1466-ல் ஹான் தலைமை அமைச்சர். மகள்களில் இருவரை அரச குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார். பாவம், இருவருமே இருபதைத் தொடவில்லை.

வயதான காலத்தில் ஹான் நதிக்கரையில் ஒரு மண்டபம் வைத்திருந்தார். பெயர் அப்குஜோங், 'நீர்ப்பறவைகளோடு நட்பு' என்ற பொருளில் வைத்தது, அதாவது பதவி ஆசையை விட்டாச்சாம்! 1481-ல் சீனத் தூதர் அதைப் பார்க்க விரும்ப, அரசருக்கு மட்டுமே உரிய கூடாரத்தைக் கேட்டு, மறுக்கப்பட்டு, பதவியும் போனது. 1487-ல் இறந்தார்.

1504-ல் மன்னர் யோன்சான், தன் தாயின் சாவுக்குப் பழிவாங்கக் கிளம்பினார். ஹானின் கல்லறையைத் தோண்டி, பிணத்தின் தலையை வெட்டினார்கள். மண்டபமும் இன்றில்லை. அது இருந்த இடம்தான் சியோலின் அப்குஜோங். 'கங்னம் ஸ்டைல்' பாட்டில் வரும் அதே கங்னமில், விலையுயர்ந்த கடைகள் நிறைந்த ஏரியா.